கோட், பேக், அப்பர்: தோல் வட்டாரத்து எழுத்திலக்கணம்

ஆங்கிலச் சொல்லைத் தமிழில் எப்படி எழுதுவது என்ற வினாவுக்கு, ராணிப்பேட்டையிலிருந்து வாணியம்பாடி வரை பாலாற்றங்கரையில் ஒரு விடை புழங்கி வருகிறது. அதைச் சூத்திரமாக்குவதே இந்த ஆய்வின் நோக்கம்.

முதலில் சட்டச் சிக்கல். நன்னூல் வழிப்படி ட, ர, ல மூன்றும் சொல்லுக்கு முதலில் வரக்கூடாது. அப்படியானால் டேனரி கிடையாது, லெதர் கிடையாது, தோலைப் போட்டு உருட்டும் டிரம்மும் கிடையாது. வட்டாரத்தின் பிழைப்பே இலக்கணப் பிழை. அரசு இதில் உஷார். 2019-இல் வேலூரைப் பிரித்தபோது புது மாவட்டத்துக்கு முன்னால் ஓர் 'இ' போட்டு இராணிப்பேட்டை ஆக்கிக்கொண்டது. இலெதரும் இடேனரியும் இன்னும் அரசாணைக்குக் காத்திருக்கின்றன.

அடுத்து ஒலிச் சிக்கல். 'கோட் லெதர்' என்றால் டேனரிக்காரருக்கு ஆட்டுத் தோல்; கார்மென்ட்ஸ்காரருக்கு மேலங்கித் தோல். தகராறு முற்றினால் இருவரும் போய் நிற்க வேண்டிய இடத்தையும் பேச்சில் 'கோட்டு' என்றுதான் சொல்கிறோம். 'பேக்' இதைவிட மோசம். 'லெதர் பேக்' என்ற பலகை தோல் பை விற்கிறதா, தோல் போலி என்று வாக்குமூலம் கொடுக்கிறதா? போலிக்கு முன்னால் ஓர் ஆய்தம் போட்டால் தீர்ந்தது என்பார்கள் பண்டிதர்கள். போலி விற்பவர் எதற்காகப் போடப்போகிறார்? கடைப் பலகையில் தமிழ் 5, ஆங்கிலம் 3, பிறமொழி 2 என்ற அளவில் இருக்க வேண்டும் என்பது விதி. ஆக, குழப்பத்துக்குத்தான் பெரிய எழுத்து.

ஆய்வாளரை நிலைகுலைய வைத்த சொல் 'அப்பர்'. ஷூவின் மேல்பாகத்துக்கு ஆம்பூரில் அதுதான் பெயர். 'அப்பர் தைக்க ஆட்கள் தேவை' என்று எழுதியிருந்தால் தேவாரம் படித்தவர் பதறுவார். ஏழாம் நூற்றாண்டு நாவுக்கரசர், கயிலைக்குக் கால் தேயத் தேய நடந்து, பிறகு கையால் தவழ்ந்து, மார்பால் ஊர்ந்து போனதாகப் பெரியபுராணம் சொல்கிறது. ஷூவின் பாகத்துக்கு அவர் பெயர் அமைந்தது பொருத்தம்தான், கொஞ்சம் தாமதம்.

இந்தத் தொல்லை நமக்கு மட்டுமல்ல. போலந்துக்காரர்கள் ஷேக்ஸ்பியரை ஷெக்ஸ்பிர் ஆக்கி, எழுத்தையும் தங்கள் வழக்கப்படி மாற்றிவிட்டார்கள். நாம் அவரைச் செகப்பிரியர் ஆக்கினோம். அதில் பிரியமாவது இருக்கிறது. வங்காளிக்கு வகரம் வராது. வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்கு வைத்தியத்துக்கு வரும் கொல்கத்தாக்காரர் தம் எழுத்தில் இந்த ஊரை 'பேலோர்' என்றே எழுதுகிறார்.

எதிர்த்திசைப் பயணம் இன்னும் ஆபத்து. 2020 ஜூனில் 1018 ஊர்ப் பெயர்களைத் தமிழ் உச்சரிப்புப்படி ஆங்கிலத்தில் எழுத அரசாணை வெளியானது. வேலூருக்கு 'வி'யை அடுத்து இரண்டு 'இ' கிடைத்தன. ஆங்கிலம் படித்தவர் அதை வீலூர் என்றுதான் வாசிப்பார். ஊரே வீலென்று கத்தியது. சில நாட்களில் ஆணை வாபஸ்.

கடைசியாக 'ஷூ'. கிரந்தம் ஆகாது என்று ஷகரத்தைத் தள்ளினால் மிஞ்சுவது 'சூ'. கோழியை விரட்டும் சொல். ஆம்பூர்ப் பக்கத்துக் கிராமங்களில் விடிகாலையில் "சூ கம்பெனி பஸ் வந்துடுச்சு" என்று யாராவது குரல் கொடுத்தால், டிபன் பாக்ஸும் கையுமாகப் பெண்கள் பஸ்ஸை நோக்கித்தான் ஓடுகிறார்கள். இதற்கு நன்னூலில் விதி அகப்படவில்லை.