சும்மா இருக்கும் சாரத்தியம்

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறும் மலைப்பாதையின் இருபது கொண்டை ஊசி வளைவுகளையும், அவற்றிற்கு இலக்கமிட்டு நட்டிருக்கும் பலகைகளையும் கடந்து வந்தவர்கள், தாங்கள் ஏதோ மகத்தான சாகசத்தை நிறைவேற்றிவிட்டதாக எண்ணி, ஏரிக்கரையில் மிளகாய் பஜ்ஜி தின்று தம்மைத் தாமே கௌரவித்துக்கொள்வது வழக்கம். அந்த ஆனந்தத்தைக் குலைக்க எனக்கு விருப்பமில்லை. ஆயினும் சேர்வராயன் மலையில் உண்மையான பாதை தார் முடிகிற இடத்தில்தான் ஆரம்பமாகிறது என்பதைக் காப்பித் தோட்டத்துக்காரர் எவரைக் கேட்டாலும் சொல்லுவார். 1820-களில் சேலத்துக் கலெக்டராக இருந்த காக்பர்ன் துரை இம்மலைக்குக் காப்பிச் செடியைக் கொண்டுவந்த புண்ணியவான். செடி செழித்தது, பின்னால் சில்வர் ஓக் மரங்களும் அவற்றைத் தழுவும் மிளகுக் கொடிகளும் செழித்தன. தோட்டங்களுக்குள் போகும் மண்பாதை மட்டும் மழைக்கு முன் தூசியாகவும் மழைக்குப் பின் சேறாகவும் தன் சுபாவத்தை விடாமல் இருந்துவருகிறது. விதியின் விளையாட்டைப் பாருங்கள்: காப்பிப் பழம் சிவந்து பறிப்புக்கு வருவதும், ஐப்பசி கார்த்திகை அடைமழை பிடித்துக்கொள்வதும் ஏறக்குறைய ஒரே காலத்தில்.

இந்தப் பாதையை ஆளுவது ஜீப். இரண்டாம் உலக யுத்தத்திற்காக அமெரிக்காவில் பிறந்து, 1940-களின் இறுதியில் மகிந்திரா நிறுவனத்தாரால் நம் நாட்டில் பூட்டி விற்கப்பட்ட அந்த ஜாதிக்கு, யுத்தம் முடிந்தும் ஓய்வு கிடைக்கவில்லை. போர்க்களம் மாறிற்று, அவ்வளவுதான். நாகலூர்ப் பக்கம் தோட்டம் வைத்திருக்கும் என் சிநேகிதர், ஒரு மழைநாள் காலையில் அத்தகைய பழைய ஜீப் ஒன்றை என் வசம் ஒப்புவித்து, தலை நரைத்த தோட்டத்து டிரைவரை எனக்குக் குருவாகப் பக்கத்தில் உட்கார்த்தி வைத்தார்.

முதல் பாடம் வண்டிக்கு வெளியே நடந்தது. முன்சக்கரம் இரண்டின் மையத்திலும் உள்ள குமிழைக் கையால் திருகினாலொழிய முன் அச்சுக்கு வேலை ஏற்படாது. “இதைச் சேத்துல எறங்கறதுக்கு முன்னாடியே செஞ்சுடோணுங்க சார். உள்ள போயி ஞாபகம் வந்தா, முழங்கால் போட்டுத்தான் திருகோணும்” என்றார். இரண்டாம் பாடம் கட்டைவிரலைப் பற்றியது. ஸ்டீரிங் வளையத்துக்குள் அதைக் கோத்துக்கொள்ளக் கூடாது. சக்கரம் கல்லில் மோதினால் வளையம் வெட்டித் திரும்பும், விரல் போய்விடும். தேர்ப்பாகனைப் போல் கெட்டியாகப் பிடிக்க வேண்டுமென்று நினைத்திருந்த எனக்கு இது பெரிய ஏமாற்றம்.

நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டியென்றால் நான்கும் இழுக்கும் என்று நம்புவது பாமரத்தனம். அச்சின் நடுவில் டிபரன்ஷியல் என்றொரு பற்சக்கரக் கூட்டம் இருக்கிறது. திருப்பத்தில் வெளிச்சக்கரம் விரைந்தும் உட்சக்கரம் நிதானித்தும் சுழல உதவுகிற உபகாரி. சேற்றில் அதன் நீதி விபரீதமாகிவிடும். மண்ணைப் பற்றி நிற்கிற சக்கரத்தைக் கவனியாமல், பிடிமானமின்றி வெறுமனே சுழலுகிற சக்கரத்துக்கே சுழற்சி முழுவதையும் வாரி வழங்கும். உழைக்கிற மூத்தவனுக்குப் பழையதும், திண்ணையில் சீட்டாடுகிற இளையவனுக்கு நெய்ச்சோறும் போடுகிற தாய்மாரின் தர்மம் அது. சேற்றில் இறங்கிய எங்கள் ஜீப்பிலும் அதுவே நடந்தது. முன்னால் ஒன்றும் பின்னால் ஒன்றுமாக, மூலைக்கு மூலை, இரண்டு சக்கரங்கள் சேற்றை வாரியிறைக்க, மற்ற இரண்டும் ஆழ்ந்த தியானத்தில் நின்றன. அச்சமயத்தில் ஆக்சிலரேட்டரை மிதிக்கத் தோன்றாதவன் மனிதனல்லன். மிதிக்க மிதிக்கச் சக்கரம் தனக்குத் தானே குழி தோண்டிக்கொள்ளும். “மிதிக்காதீங்க, உடுங்க” என்று சொல்லி இறங்கிய டிரைவர், சரளைக் கல்லையும் கவாத்து செய்த கிளைகளையும் சக்கரத்தின் அடியில் திணித்தார். வண்டி முனகிக்கொண்டே ஏறி வந்தது.

அப்பால் ஓடை. சாதாரண நாளில் செருப்பு நனையாமல் தாண்டலாம். அன்று செந்நிறமாய்ச் சுழித்தோடியது. டிரைவர் ஒரு கழியுடன் அக்கரை வரை நடந்து திரும்பி, “அச்சுக்கு மேல இல்லீங்க” என்று தீர்ப்பளித்தார். விதிகள் இவை: லோ கியரில் போட்டபின் நடுவில் கியர் மாற்றக் கூடாது, கிளட்சைத் தொடக் கூடாது, வேகத்தைக் கூட்டக் கூடாது, குறைக்கவும் கூடாது. அவசரப்பட்டால் விசிறியே தண்ணீரை இன்ஜின்மேல் வாரியடிக்கும். காற்று புகும் வழியாகத் தண்ணீர் சிலிண்டருக்குள் போய்விட்டால், அமுங்க மாட்டாத அந்த வஸ்து இன்ஜினை அங்கேயே நிறுத்திவிடும். ஆக, வெள்ளத்தின் நடுவில் சாரதி செய்ய வேண்டிய காரியம் யாதொன்றுமில்லை. சும்மா இருப்பதைப் பரமபதமாகச் சொன்ன ஞானிகளில் எவரும் ஜீப் ஓட்டியதாகத் தெரியவில்லை. ஓட்டியிருந்தால், காடு மேடெல்லாம் அலையாமல் ஓடைக்கு ஒருதரம் போய்வந்தே சித்தி பெற்றிருப்பார்கள். என் வலக்கால் மட்டும் தன்னிச்சையாகத் துடித்துக்கொண்டிருந்தது. புடவையை இழுத்துச் செருகியபடி, தலையில் கூடையுடன் எங்களுக்கு முன்பாகவே அக்கரை சேர்ந்த பறிப்புப் பெண்கள் இருவர் திரும்பிப் பார்த்துச் சிரித்ததை நான் பொருட்படுத்தவில்லை.

கரையேறியதும் வெற்றிக் களிப்புக்கு அவகாசமில்லை. நனைந்த பிரேக் பிடிக்காது. லேசாக அழுத்தியபடியே சற்றுத் தூரம் ஓட்டி அதை உலர்த்த வேண்டும். தார் ரோடு வந்ததும் முன்சக்கர லீவரைத் தள்ளிவிடச் சொன்னார். ஊரார் பார்க்கும்போது நான்கு சக்கரமும் இழுக்கட்டுமே என்று எனக்கு ஆசைதான். ஆனால் வழுக்காத தரையில் முன் அச்சும் பின் அச்சும் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு, வளைவில் ஸ்டீரிங் இறுகிப்போகுமாம்.

பங்களா வாசலில் சிநேகிதர் காத்திருந்தார். என் முகத்தை நோக்காமல் டிரைவரிடமே, “எப்படி ஓட்டினார்?” என்று விசாரித்தார்.

“சார் நல்லா உக்காந்திருந்தாருங்க” என்றார் அவர்.