தொண்டுக்குக் கட்டணமா?

கேள்வி: வெளிநாட்டில் இரண்டு வாரம் தொண்டு செய்ய லட்சக்கணக்கில் கேட்கிறார்கள். கட்டலாமா?
– வாசகி, கிருலப்பனை

பதில்: முதலில் கணக்கைக் கேளுங்கள் தங்கச்சி. நீங்கள் தொண்டு செய்யும் கிராமத்துக்கு எவ்வளவு போகிறதென்று சொல்லாவிட்டால், அது தொண்டல்ல, சுற்றுலா. 1970இல் ஐ.நா. பொதுச்சபை உருவாக்கிய தொண்டர் திட்டம் உங்களிடம் காசு வாங்காது. வாழ்க்கைப்படியை அதுவே தரும். கேட்பது தகுதியும் அனுபவமும்தான்.

சிறுவர் இல்லத்தில் தொண்டு என்றால், அங்குள்ள பிள்ளை இரண்டு வாரத்தில் உங்கள் பெயரைப் பழகும். பழகிய அன்றே நீங்கள் பெட்டி கட்டுவீர்கள். அந்தப் பிரிவுக்கு யார் கட்டணம் கட்டுவது?

தொண்டு செய்ய இங்கேயே இடமுண்டு. 1958இல் ஏ.டி. ஆரியரத்ன மாணவர்களோடு ஒரு கிராமத்துக்குப் போய்த் தொடங்கிய சர்வோதயத் தொண்டு இயக்கத்தின் தலைமையகம் மொரட்டுவையில் இருக்கிறது. வெள்ளவத்தைக்கு வந்து காலி வீதியில் பஸ் ஏறுங்கள். பஸ் காசுதான் செலவு. தொண்டு செய்ய அங்கே பழகுங்கள், வெளிநாடு பிறகு.