உடற்பயிற்சியில் இருக்கும் மூத்த குடிமகன் எழுதிக்கொள்வது

அனுப்புநர்: படத்தில் இருப்பவன், தாம்பரம் தாண்டி ஒரு நகர்.
பெறுநர்: திறந்தவெளிகளைக் காத்தருளும் உயர்திரு அதிகாரி அவர்கள்.
பொருள்: எங்கள் ஊரில் பூங்கா இருப்பதை எனக்கே தெரிவித்தமைக்கு நன்றி கூறல், தொடர்பாக.
பார்வை: செவ்வாய்க்கிழமை என் கைப்பேசிக்கு வந்த தங்கள் பதில்.

ஐயா,

பூங்கா இடத்து ஆக்கிரமிப்பைப் பற்றி மனு கொடுத்து ஐந்து மாதம் ஆனதால் மறந்தே போயிருந்தேன். தாங்கள் மறக்கவில்லை. “மேற்படி இடத்தில் பூங்காப் பெயர்ப்பலகை நல்ல நிலையில் உள்ளது. பொதுமக்கள் பயன்படுத்தி வருகின்றனர். மனு முடித்து வைக்கப்பட்டது” என்று பதில் வந்தது. ஆதாரமாக ஒரு புகைப்படம். அதில் இருக்கும் பொதுமக்கள் நான் ஒருவன்தான்.

நடந்தது இதுதான். ஆய்வுக்கு வந்த தம்பி, “எங்க சார் ஆக்கிரமிப்பு, காட்டுங்க” என்றார். பலகை பக்கத்தில் நின்று, சாலை ஒப்பந்தக்காரர் அடுக்கி வைத்திருக்கும் தார் டிரம்களை நோக்கி வலது கையை நீட்டினேன். அந்த நேரம் பார்த்து எடுத்துவிட்டார். டிரம் இருந்த பக்கத்தை யாரோ பக்குவமாக வெட்டியிருக்கிறார்கள். மிச்சம் இருப்பது பலகை, நான், என் நீட்டிய கை. கீழே ஒரு வரி: “உடற்பயிற்சியில் மூத்த குடிமகன்.” என் மனைவி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்துவிட்டு, “முழங்கையை மடக்காம நீட்டியிருக்கலாம்” என்றாள். நகர் வாட்ஸ்அப் குழுவில் நான்கு நாளாக எனக்குப் பெயர் யோகா மாஸ்டர்.

அது போகட்டும். பலகையைப் பற்றி நாலு வார்த்தை நல்லதாகச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

இரண்டு இரும்பு ஆங்கிள், நடுவே தகடு, பச்சை வர்ணம், வெள்ளை எழுத்து. “இது பொதுமக்கள் பயன்பாட்டிற்காக ஒதுக்கப்பட்ட பூங்கா இடம். அத்துமீறி உள்ளே நுழைவோர் மீது சட்டப்படி நடவடிக்கை எடுக்கப்படும்.” யார் இந்தப் பொதுமக்கள், யார் அத்துமீறி நுழைவோர் என்பது எனக்குப் புரிய இருபது வருடம் ஆயிற்று. வெளியே நிற்கும்வரை பொதுமக்கள், உள்ளே கால் வைத்தால் மற்றவர். இதுவரை யார் மீதும் நடவடிக்கை இல்லை, டிரம்கள் மீது உட்பட. ஆனால் பலகைக்கு மட்டும் வருடம் தவறாமல் வர்ணம். செடி வைத்தால் ஆடு மேயும், தண்ணீர் ஊற்ற ஆள் வேண்டும். பலகைக்கு அந்தத் தொந்தரவெல்லாம் இல்லை. பூங்காவைவிடப் பலகையைக் காப்பது சிக்கனம் என்று கண்டுபிடித்தவருக்குச் சிலை வைக்க வேண்டும். சிலைக்குக் காசில்லை என்றால் பலகை போதும்.

பூங்காவுக்கு இடம் விடும் விதியில் குறை சொல்ல ஏதுமில்லை. பத்தாயிரம் சதுர மீட்டருக்கு மேல் மனை பிரித்தால், சாலை போக மிச்சத்தில் பத்தில் ஒரு பங்கைத் தானப் பத்திரம் எழுதி ஒப்படைக்க வேண்டும். விதி செல்லும் என்று 2023இல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. எங்கள் பூங்காவுக்கும் பத்திரம் இருக்கிறது, வில்லங்கச் சான்றில் நானே பார்த்தேன். மூவாயிரம் முதல் பத்தாயிரம் சதுர மீட்டர் வரை இன்னும் வசதி: இடம் விட முடியாவிட்டால் வழிகாட்டி மதிப்புப்படி பணமாகக் கட்டிவிடலாம். அனுமதியில்லா மனைகளை வரன்முறைப்படுத்த 2017இல் வந்த திட்டத்தில், விடாமல் போன பூங்காவுக்கும் சேர்த்துக் கட்டணம் வாங்கினார்கள். அந்தத் திட்டத்தின் கடைசித் தேதி எத்தனை முறை நீண்டது என்பதைத் தங்கள் அலுவலகமே விரல்விட்டு எண்ணட்டும். என் கை உடற்பயிற்சியில் இருக்கிறது.

திறந்தவெளியைப் பணமாக்கிப் பெட்டியில் வைத்தால் அது மூடியவெளி ஆகாதா என்று பக்கத்து வீட்டுச் சிறுவன் கேட்டான். படிக்கிற பிள்ளை, தெரியாமல் கேட்டுவிட்டான். கண்டித்து வைத்திருக்கிறேன்.

பலகைப் பண்பாடு தங்கள் காலத்தில் தொடங்கியதல்ல என்பதும் எனக்குத் தெரியும். சென்னைக்கு இதில் நூறு வருட அனுபவம் உண்டு. மாம்பலத்தில் நீளமாக ஓர் ஏரி இருந்தது. 1920களில் அதைத் தூர்த்துத் தியாகராய நகர் எழுப்பினார்கள். ஏரி போனாலும் மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு என்ற பலகையைக் கைவிடவில்லை. நுங்கம்பாக்கம் ஏரி, லேக் ஏரியா என்று பத்திரமாக இருக்கிறது. மந்தைவெளியில் மந்தையும் இல்லை, வெளியும் இல்லை, ரயில் நிலையத்தில் மஞ்சள் பலகை உண்டு. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் பெரும்பகுதியைக் குப்பைக்கும் கட்டடத்துக்கும் கொடுத்து முடித்த பிறகு, எஞ்சியதில் 1,247 ஹெக்டேருக்கு 2022இல் உலக ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் இடம் கிடைத்தது. உலகத்தரத்தில் ஒரு பலகை. எங்கள் பேட்டையிலும் கழனியை அழித்துக் கட்டிய அடுக்ககத்தின் வாசலில் பச்சை வயல் என்று பித்தளையில் பொறித்திருக்கிறார்கள்.

அந்த வாசலில் காவலுக்கு இருப்பவர் அதே கழனியில் வெள்ளைப் பொன்னி நட்டவர். ஒருநாள் டீ குடிக்கும்போது லிஃப்ட் பக்கம் கை காட்டி, “மோட்டார் கொட்டகை அங்கதான் சார் இருந்துச்சு. மதகைத் திறந்தா தண்ணி ஏரியிலேருந்து நேரா இங்க வரும்” என்றார். இப்போதும் நேராக இங்கேதான் வருகிறது.

2015 டிசம்பர் முதல் தேதி இரவு தண்ணீர் வந்தது. நான் குடியிருப்பதும் ஒரு காலத்து நஞ்சையில்தான், அதை மறைக்கவில்லை. ஒன்றரை கிரவுண்டு, தவணையில் வாங்கினேன், விளம்பரத்தில் பூங்கா படம் போட்டிருந்தார்கள். முடிச்சூர், வரதராஜபுரம் எல்லாம் மூழ்கின. எங்கள் தெருவில் இடுப்பளவு. மாமியாரை நாற்காலியோடு தூக்கி மொட்டை மாடியில் வைத்தோம். இரண்டு ராத்திரி. கீழே கேஸ் சிலிண்டர் மிதந்து போனது. யாருடைய குடியைக் கெடுத்து யாருக்கு அனுமதி கொடுத்தீர்கள்? அந்த வயலை வயலாகவே விட்டு வைக்க, விவசாயிக்கு ஒரு நியாயமான தொகை கொடுக்க அரசிடம் காசில்லை. மூழ்கிய பிறகு வீட்டுக்கு ஐயாயிரம் நிவாரணம் கொடுக்க மட்டும் எங்கிருந்து வந்தது? கோப்பில் கையெழுத்துப் போட்டவர்களில் ஒருவர் வீட்டிலாவது தண்ணீர் ஏறியதா?

மன்னிக்கவும். பிரஷர் மாத்திரை போட்டுக்கொண்டு தொடர்கிறேன். தங்கள் நல்ல மனசு எனக்குத் தெரியாதா?

அமெரிக்காவில் போல்டர் என்று ஒரு மலையடிவார ஊர். அங்கே 1967இல் மக்கள் வாக்களித்து, விற்பனை வரியில் ஒரு பங்கை ஊரைச் சுற்றியுள்ள திறந்தவெளியையும் விளைநிலத்தையும் விலைகொடுத்து வாங்கவே ஒதுக்கினார்கள். இன்றும் வாங்கிய நிலத்தில் சிலதைக் குத்தகைக்கு விட்டு விவசாயம் நடக்கிறது. நிலத்தைப் போய் யாராவது நிஜமாகவே வாங்குவார்களா? பலகை வைத்தால் போதும் என்று அவர்களுக்குச் சொல்ல ஆளில்லை பாவம்.

நம் சட்டம் அந்தத் தப்பைச் செய்யாது. 1971ஆம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 38ஆம் பிரிவைத் தாங்கள் மனப்பாடமாக அறிவீர்கள். பொதுப் பயனுக்கு என்று திட்டத்தில் ஒதுக்கிய நிலத்தை மூன்று வருடத்துக்குள் கையகப்படுத்தும் வேலையைத் தொடங்கவில்லை என்றால் ஒதுக்கீடு காலாவதி. பாலுக்குத் தேதி போடுவதுபோல் பூங்காவுக்கும் தேதி. வாங்கக் காசு ஒதுக்காமல் வரைபடத்தில் பச்சை அடிப்பதும் பலகைதான், காகிதத்தில் செய்த பலகை. விவசாய மண்டலம் என்று வர்ணம் பூசிய இடத்துக்கு நிலப் பயன்பாட்டு மாற்ற மனு வந்ததும் அது குடியிருப்பு மஞ்சளாகிவிடுகிறது. நட்டவனுக்கு நெல் மஞ்சளாக நாலு மாதம் வேண்டும்.

2022இல் சென்னைப் பெருநகர எல்லையை 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 ஆக விரித்தார்கள். காஞ்சிபுரம் பக்கம், அரக்கோணம் பக்கம் ஏரியும் கழனியுமாய் எத்தனையோ ஊர் உள்ளே வந்திருக்கிறது. அந்த ஏரிப் பாசன நிலங்களை விளைநிலமாகவே வைத்திருக்கும் விவசாயிக்கு ஆண்டுதோறும் ஒரு தொகை கொடுங்கள், பூங்காவுக்குப் பதிலாக வசூலித்த பணத்தை நிலம் வாங்கவே செலவழித்துக் கணக்கை வெளியிடுங்கள் என்று கேட்க வாய் வருகிறது. ஆனால் அத்தனை சதுர கிலோமீட்டருக்குப் பலகை அடிக்கத் தகடு போதுமா என்ற தங்கள் கவலையை எண்ணி அடக்கிக்கொள்கிறேன்.

என் கோரிக்கை சிறியது. அந்தப் புகைப்படத்தை வெட்டாமல் கோப்பில் வையுங்கள், மனுவைத் திரும்பத் திறவுங்கள். மறுபடி ஆய்வுக்கு ஆள் அனுப்பினால் முதல் நாளே சொல்லிவிடுங்கள். சலவைச் சட்டை போட்டுக்கொண்டு இரண்டு கையையும் நீட்டுகிறேன்.

நேற்று மாலை எண்ணியபடி தார் டிரம்கள் இருபத்து மூன்று. மனு கொடுத்தபோது பதினாறு.

இப்படிக்கு,
தங்கள் பூங்காவைப் பயன்படுத்தி வரும்
பொதுமக்கள்.