வேலிக்கு இந்தப் பக்கம் தலைக்கு, அந்தப் பக்கம் கறிக்கு

எங்கள் வீட்டுக்கும் பக்கத்து வீட்டுச் சேச்சிக்கும் நடுவே ஒரு கிளுவை வேலி இருந்தது. இந்தப் பக்கம் கோயமுத்தூரிலிருந்து வந்த நாங்கள். அந்தப் பக்கம் திருவிதாங்கூரிலிருந்து மலையேறி வந்த சேச்சியின் குடும்பம். அட்டப்பாடியின் அகளியில் அப்போது பாதி வேலிகள் இப்படித்தான் இருந்தன. இரண்டு வீட்டிலும் தென்னை உண்டு. இரண்டு வீட்டுக் கொப்பரையும் ஒரே ஜீப்பில் மண்ணார்க்காட்டுச் செக்குக்குப் போய், எண்ணெயாகத் திரும்பி வரும். பத்துக் கிலோ கொப்பரை போட்டால் ஆறு கிலோ போல எண்ணெய் இறங்கும், புண்ணாக்கு மாட்டுக்கு. இறங்கிய எண்ணெய் வேலியைத் தாண்டியதும் வேறு பொருளாகிவிடும். எங்கள் வீட்டில் அது தேங்காயெண்ணெய், தலைக்கு. சேச்சி வீட்டில் அது வெளிச்செண்ணெய், கறிக்கு.

பாட்டியை நாங்கள் ஆத்தா என்போம். ஆத்தா இந்த ஊருக்கு வாக்கப்பட்டு வந்தபோது அட்டப்பாடி மலபார் மாவட்டத்தில் இருந்தது, மலபார் சென்னையோடு இருந்தது. 1956 நவம்பர் 1 முதல் ஊர் கேரளத்துக்குப் போனது. ஆத்தா இருந்த இடத்திலேயே இருந்தாள், மாநிலம்தான் மாறியது. அவள் அடுப்படி மாறவேயில்லை. பலகாரத்துக்குக் கடலையெண்ணெய், குழம்புக்கு நல்லெண்ணெய். தேங்காயெண்ணெய்க் குப்பிக்கு அடுப்படிக்குள் இடம் கிடையாது. அது ஆசாரத்தில், முன்கூடத்துச் சுவர் மாடத்தில், கண்ணாடிக்கும் சீப்புக்கும் பக்கத்தில் நிற்கும். சேச்சி வீட்டில் பப்படம் பொரிக்கும் வாசனை வேலி தாண்டி வரும்போதெல்லாம், "தலைக்கு வெக்கறதப் போயி சோத்துல ஊத்தறாங்களே சாமி" என்று ஆத்தா அங்கலாய்ப்பாள். சேச்சிக்கு இந்தப் பிரிவினையே புரியாது. மீன் கறியில் கடைசியாக ஊற்றும் அதே பாட்டிலிலிருந்து உள்ளங்கையில் கொஞ்சம் கவிழ்த்து, அடுப்பங்கரையில் நின்றபடியே தலையில் தேய்த்துக்கொள்வார். நான் ஒருநாள் கேட்டேன், கறி எண்ணெய் எது, தலை எண்ணெய் எது என்று. "எண்ண ஒண்ணே உள்ளூ மோளே" என்றார்.

ஒன்று சொல்ல வேண்டும். இந்த மண்ணின் முதல் மக்கள் இருளரும் முடுகரும் குறும்பரும். அவர்கள் மலைச்சரிவில் ராகியும் சாமையும் துவரையும் விதைத்தார்கள். தென்னந்தோப்புகள் பெரும்பாலும் எங்களைப் போல வந்தேறியவர்களோடு வந்தவை. "எங்கள் பாரம்பரிய எண்ணெய்" என்று நான் எழுதும்போதெல்லாம் இது நினைவில் இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

மார்கழியில் எண்ணெய் உறைந்துவிடும். 24 டிகிரிக்குக் கொஞ்சம் கீழே போனாலே தேங்காயெண்ணெய் வெள்ளை மெழுகாக இறுகும். அகளியின் மார்கழிக் காலை அதற்கு ஏராளம். எங்கள் எண்ணெய் கழுத்துக் குறுகிய பழைய மருந்துக் குப்பியில் இருக்கும். ஆத்தா ஈர்க்குச்சியை உள்ளே விட்டுக் குடைந்து, நுனியில் ஒட்டி வந்த கட்டியை உள்ளங்கையில் தட்டுவாள். இரண்டு கையையும் ஒன்றாக வைத்து ஒரு தேய் தேய்த்தால் கட்டி கண் முன்னால் தண்ணீராகும். கையில் கரைந்தது முதலில் உச்சந்தலைக்குப் போகும். மிச்சம் என் முழங்கை, முட்டி, குதிகால். அங்கெல்லாம் பனிக்குத் தோல் வெடித்துச் சாம்பல் பூத்திருக்கும். கடைசியாக விரலில் ஒட்டியிருப்பதை என் உதட்டில் தடவி, "நாக்குல நக்காத கண்ணு" என்பாள். நான் நக்குவேன். வாரத்துக்கு ஒருநாள் நல்லெண்ணெய், அரப்பு, வெந்நீர். மற்ற ஆறு நாளும் இந்தக் குப்பிதான். எங்கள் வீட்டில் குளிருக்கு வேறு களிம்பு இருந்ததில்லை.

1980-இல் தம்பி பிறந்தான். மாதம் முழுதாகாமல் பிறந்தவன். தோல் வெங்காயச் சருகு போல இருந்தது. அன்றைக்குச் சேச்சி வேலியைத் தாண்டி வந்து, ஆத்தாவிடம் பத்துத் தேங்காய் கேட்டார். செக்கெண்ணெய் பச்சைக் குழந்தைக்கு ஆகாது, வெந்த வெளிச்செண்ணெய்தான் வேண்டும் என்றார். தேங்காயைத் துருவிப் பிழிந்து, பாலை வெண்கல உருளியில் ஊற்றி, விறகைப் பின்னுக்கு இழுத்துச் சின்னத் தீயில் வைத்தார். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். முதலில் பால் பொங்கும். பிறகு தயிர் போலத் திரியும். கரண்டி நின்றால் அடிப்பிடிக்கும் என்பதால் கை மாற்றி மாற்றிக் கிண்டிக்கொண்டே இருந்தார்கள், சேச்சி கொஞ்ச நேரம், ஆத்தா கொஞ்ச நேரம். வெகுநேரம் கழித்து உருளியின் ஓரத்தில் கண்ணாடி போல ஒரு கோடு தெரிந்தது. "எண்ண தெளிஞ்ஞு" என்றார் சேச்சி. வெள்ளைக் கசண்டு பொன்னிறமாகி அடியில் தங்க, மேலே தெளிந்து நின்றது எண்ணெய். வடிகட்டியபோது ஒரு குப்பி கூட நிறையவில்லை. கசண்டில் வெல்லம் போட்டு எங்களுக்கு உருட்டிக் கொடுத்தார்கள். அடுப்படிக்குள் தேங்காயெண்ணெய் நுழையாத எங்கள் வீட்டில் நான் முதலில் தின்ற தேங்காயெண்ணெய்ப் பலகாரம் அதுதான்.

தினமும் காலையில் ஆத்தா கால் நீட்டி உட்கார்ந்து, இரண்டு காலுக்கும் நடுவில் தம்பியைக் கிடத்துவாள். உள்ளங்கையால்தான் தேய்ப்பாள், விரல் நுனி படாது. நெஞ்சிலிருந்து வெளிப்பக்கமாக, தொடையிலிருந்து பாதத்துக்கு. ஒரு மாதத்தில் சருகு தோல் போய்ப் பட்டுப் போல ஆனான். ஆத்தா செய்ததில் எல்லாமே சரியென்று சொல்ல மாட்டேன். மூக்கிலும் காதிலும் எண்ணெய் விட்டாள். அது நுரையீரலுக்குப் போனால் நிமோனியா வரும், காதிலும் கிருமி சேரும். அதை யாரும் செய்யக்கூடாது. ஆனால் தோல் விஷயத்தில் அவள் கை தப்பவில்லை.

1990-இல் கோயமுத்தூரில் கல்லூரி விடுதி. முதல் வாரத்திலேயே தெரிந்துவிட்டது, என் முகம் பளபளக்கிறது, என் தலையணை உறையில் கறை இருக்கிறது, நான் உள்ளே வந்தால் வாசனை வருகிறது என்று. யாரும் கொடுமைப்படுத்தவில்லை. "எந்த ஊரு நீ?" என்று கேட்டுவிட்டுத் தங்களுக்குள் பார்த்துக்கொண்டார்கள், அவ்வளவுதான். எனக்கு அது போதுமானதாக இருந்தது. குப்பியைப் பெட்டிக்கு அடியில் தள்ளினேன். ஷாம்பூ வந்தது, முகத்துக்கு கிரீம் வந்தது, கை காலுக்கு நிறமில்லாத, மணமான ஓர் எண்ணெய் வந்தது. அந்த எண்ணெய் பெட்ரோலியத்திலிருந்து எடுக்கும் மினரல் ஆயில் என்று பல வருஷம் கழித்துத்தான் படித்தேன். லீவுக்கு வந்தபோது ஆத்தா என் தலையைத் தொட்டுப் பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை. குப்பியை எடுக்க மாடத்துப் பக்கம் போனவள் திரும்பி வந்து உட்கார்ந்துகொண்டாள்.

1997-இல் என் மகன் ஓர் ஆஸ்பத்திரியில் பிறந்தபோது, ஆத்தா மடியில் முடிந்து கொண்டுவந்தது வெந்த வெளிச்செண்ணெய். சேச்சி காய்ச்சிக் கொடுத்தது. அறையில் இருந்த நர்ஸம்மா குப்பியை வாங்கிப் பார்த்து, இதெல்லாம் குழந்தைக்குத் தடவக்கூடாது என்று ஜன்னலோரம் வைத்துவிட்டு, கடையில் விற்கும் பேபி ஆயில் ஒன்றின் பெயரைச் சொன்னார். படித்தவள் நான், ஒரு வார்த்தை ஆத்தாவுக்காகப் பேசியிருக்கலாம். பேசவில்லை. ஆத்தா 2001-இல் போய்ச் சேர்ந்தாள்.

அவள் போன பிறகு வந்த செய்திகளை அவளிடம் சொல்ல முடியாதது எனக்கு இன்றைக்கும் வலிக்கிறது. 2003-இல் மும்பை ஆராய்ச்சியாளர்கள் தேங்காயெண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், மினரல் ஆயில் மூன்றையும் முடியில் தடவிப் பார்த்தார்கள். முடியின் புரதம் கழுவிப் போவதைக் குறைத்தது தேங்காயெண்ணெய் மட்டும்தான். அதில் பாதிக்குக் கிட்ட லாரிக் அமிலம். அதன் மூலக்கூறு சின்னது, நேரானது, முடிக்குள்ளேயே நுழைகிறது. 2004-இல் பிலிப்பைன்ஸில் வறண்ட தோல் உள்ள 34 பேரிடம் தேங்காயெண்ணெயை மினரல் ஆயிலோடு ஒப்பிட்டார்கள். ஈரம் காப்பதில் இரண்டும் சமமாக நின்றன. பத்து வருஷம் கழித்துக் கரப்பான் உள்ள 117 குழந்தைகளிடம் சோதித்தபோது வர்ஜின் தேங்காயெண்ணெய் முந்திக்கொண்டது. எனக்கு எல்லாவற்றையும்விடப் பெரிதாகப் பட்டது, 2005-இல் 'இண்டியன் பீடியாட்ரிக்ஸ்' இதழில் வந்த ஆய்வுதான். மாதம் முழுதாகாமல் பிறந்த குழந்தைகளுக்குத் தேங்காயெண்ணெய் தேய்த்துவிட்டபோது, மினரல் ஆயில் தேய்த்த குழந்தைகளைவிட வேகமாக எடை கூடியது. தம்பியைக் காலிடுக்கில் போட்டுத் தேய்த்த ஆத்தாவின் உள்ளங்கையைத்தான் நினைத்தேன். 2022-இல் உலக சுகாதார நிறுவனமும், குறைமாத, எடை குறைந்த குழந்தைகளின் உடம்பில் எண்ணெய் தடவுவதைப் பரிசீலிக்கலாம் என்று தன் பரிந்துரையில் சேர்த்தது.

இந்த எண்ணெயால் எல்லாம் ஆகும் என்று கடைக்காரர்கள் சொல்வதை நம்ப வேண்டாம். முகப்பரு உள்ளவர்கள் முகத்தில் தடவினால் துளை அடைத்துக்கொண்டு பரு கூடும். வெயிலுக்குக் காப்பு என்று இதை நம்பி நிற்க முடியாது. சுட்ட புண்ணில் தடவக்கூடாது. எங்கள் அட்டப்பாடியிலேயே 2013-இல் ஆதிவாசிக் குழந்தைகள் ஒருவர் பின் ஒருவராக இறந்து போனார்கள். பலர் குறைமாதத்தில், எடை குறைந்து பிறந்தவர்கள், தாய்மார்களுக்கு ரத்தசோகை. ராகியும் சாமையும் விளைந்த நிலம் கைவிட்டுப் போனவர்களின் வயிற்றில் சோறில்லாததை எந்த எண்ணெயும் சரிசெய்யாது. குழந்தை எடை, எண்ணெய், ஆய்வு என்று படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்த வருஷம் கூடவே வருகிறது.

ஆத்தாவும் சேச்சியும் வேலிக்கு இரு பக்கம் நின்று பேசிய வழக்கு, கடைசியில் டெல்லிக்கே போனது. சிறிய பாட்டிலிலும் பாக்கெட்டிலும் விற்கும் சுத்தமான தேங்காயெண்ணெய் உணவா, தலையெண்ணெயா? சேலம் மத்திய கலால் ஆணையர் தொடுத்த வழக்கு அது. சின்ன பாட்டில் என்றால் தலைக்குத்தான் வாங்குவார்கள், அதற்குரிய வரி கட்டு என்றது அரசு. 2018 ஏப்ரலில் உச்ச நீதிமன்றத்தில் இரண்டு நீதிபதிகள் இரண்டாகப் பிரிந்தார்கள். அது உணவெண்ணெய் என்றார் ரஞ்சன் கோகோய். தலையெண்ணெய் என்றார் ஆர். பானுமதி. அவர் தமிழ்நாட்டுக்காரர். அந்தச் செய்தியைப் படித்தபோது, எங்கள் ஆசாரத்து மாடம் அப்படியே என் கண் முன்னால் வந்தது. வழக்கு மூன்று நீதிபதிகளிடம் போனது. 2024 டிசம்பர் 18-இல் தீர்ப்பு வந்தது: பாட்டில் சின்னது என்பதற்காக அது தலையெண்ணெய் ஆகிவிடாது, தலையெண்ணெய் என்று பெயரிட்டு விற்றால் ஒழிய அது உணவெண்ணெய்தான். உணவுக்கு 5 சதவீதம், தலைக்கு 18 சதவீதம் என்றிருந்த ஜி.எஸ்.டி.யும் 2025 செப்டம்பர் 22 முதல் இரண்டுக்கும் 5 என்றாகிவிட்டது. எண்ணெய் ஒன்றுதான் என்று சேச்சி எனக்கு எழுபதுகளின் கடைசியிலேயே சொல்லிவிட்டார்.

இப்போது என் மருமகள் பெங்களூரில் இருக்கிறாள். பேத்தி பிறந்து எட்டு மாதம். குழந்தை டாக்டர் தேங்காயெண்ணெய் தடவச் சொன்னாராம். கண்ணாடி பாட்டிலில் 'கோல்ட் பிரஸ்டு வர்ஜின்' என்று எழுதியதை வீடியோ காலில் காட்டினாள். "அத்தை, எப்படித் தேய்க்கணும்?" கால் நீட்டி உட்காரச் சொன்னேன். விரல் நுனி படாமல், உள்ளங்கையால் என்றேன். அவள் கையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். மூக்கில், காதில் விடாதே என்றும் சொன்னேன். சமையலுக்கும் இதையே ஊற்றுகிறார்கள் அந்த வீட்டில். மகன் இங்கே வந்தால், "அம்மா, கடலை வேண்டாம், தேங்காயெண்ணெயில தாளிங்க" என்கிறான். தலையில் ஒரு சொட்டு வைத்துக்கொள்ள மாட்டான். அவ்வளவு ஊற்றாதே, அதில் பெரும்பங்கு நிறைவுற்ற கொழுப்பு, 2017-இலேயே அமெரிக்க இதய சங்கம் எச்சரித்திருக்கிறது என்று நான் சொல்ல வேண்டியிருக்கிறது. ஆனாலும் தாளிக்கிறேன். ஆத்தா நுழையவிடாத குப்பி இன்று என் அடுப்பு மேடையில் நிற்கிறது.

2025-இல் வெளிச்செண்ணெய் கிலோ 400 ரூபாயைத் தாண்டியபோது சேச்சி வீட்டுக் கொப்பரையை முழுக்க விற்றுவிட்டார்கள். கிளுவை வேலி போய் இப்போது இடுப்புயரச் சுவர் வந்திருக்கிறது. போன மார்கழியில் உறைந்த குப்பியை வெயில் படும்படி அந்தச் சுவர் மேல் வைக்கப் போனேன். சேச்சியும் ஒரு சின்னக் குப்பியோடு வந்தார். எழுபது தாண்டிவிட்டது அவருக்கு. உள்ளே பப்படம் பொரிந்துகொண்டிருந்தது. வாசனை வேறாக இருந்தது.

"பாமாயிலா சேச்சி?"

"எந்து செய்யான் மோளே. இது தலைக்கு மாத்ரம்" என்று தன் குப்பியை என் குப்பிக்குப் பக்கத்தில் வைத்தார். அது கால் குப்பிகூட இல்லை. வெயில் சுவருக்கு வர இன்னும் நேரமிருந்தது. பேத்திக்கு வெந்த வெளிச்செண்ணெய் காய்ச்ச வேண்டும், உருளி இன்னும் இருக்கிறதா என்று கேட்டேன். பரணில் இருக்கிறது, தேங்காய் பத்து கொண்டுவா என்றார்.