கணக்குப்பிள்ளையும் கண்கண்ட சாட்சியும்

1962 மார்ச் 2. பென்சில்வேனியாவில் ஹெர்ஷி என்றொரு ஊர். சாக்லேட்டுக்குப் பேர்போனது. அன்று ராத்திரி அங்கே ஏழடி ஒரு அங்குல உயரமுள்ள வில்ட் சேம்பர்லின், நியூயார்க் நிக்ஸ் கூடைப்பந்து அணியைத் துவைத்துக் காயப்போட்டார். ஒரே ஆட்டத்தில், ஒற்றை ஆளாக 100 பாயின்ட். கடைசி நிமிடங்களில் பந்து வில்ட் கைக்குப் போய்விடக் கூடாது என்று நிக்ஸ்காரர்கள் மற்றவர்களையெல்லாம் ஃபவுல் செய்தார்கள். ஜெயித்துக்கொண்டிருந்த வில்டின் அணி ஃபிலடெல்ஃபியா வாரியர்ஸும் சளைக்கவில்லை. பந்தை வாங்கி வில்டிடம் தருவதற்காக நிக்ஸ்காரர்களை ஃபவுல் செய்தது. 169க்கு 147 என்று ஒருவழியாக முடிந்தது அந்தத் தள்ளுமுள்ளு.

சரி, ஆதாரம் எங்கே? அரங்கில் ஒரு டிவி கேமராகூட இல்லை. ஹார்வி போலக் என்ற கணக்குப்பிள்ளை ஒரு தாளில் ‘100’ என்று எழுதி வில்ட் கையில் கொடுக்க, அதைத்தான் புகைப்படம் எடுத்தார்கள். ஆட்டக் கணக்கு எழுதியவரும் போலக். இரண்டு செய்தி நிறுவனங்களுக்கும் ஒரு நாளிதழுக்கும் செய்தி அனுப்பியவரும் அவரே. பத்திரம் எழுதியவரே சாட்சிக் கையெழுத்தும் போட்டுப் பதிவும் செய்துவிட்ட மாதிரி.

கணக்கை நம்பாதவர்கள் கண்ணை நம்பலாமே என்றால், அது அதைவிட மோசம். அன்று அரங்கில் இருந்தவர்கள் 4,124 பேர். ‘நான் நேரில் பார்த்தேன்’ என்று பின்னாளில் தன்னிடம் வந்து சொன்னவர்கள் அதைப்போலப் பல மடங்கு என்று வில்டே சொல்வதுண்டு. அதில் பலர், நியூயார்க் மாடிசன் ஸ்கொயர் கார்டனில் பார்த்ததாகச் சத்தியம் செய்தார்களாம்.

அந்த சீசன் முழுவதுமே வில்டின் கணக்கு இப்படித்தான் இருந்தது. சராசரியாக ஆட்டத்துக்கு 50.4 பாயின்ட், 25.7 ரீபவுண்ட் (கூடையில் விழாமல் திரும்பும் பந்தைப் பிடிப்பது). ஆட்டமே 48 நிமிடம்தான். இவர் ஆடியதோ சராசரியாக 48.5 நிமிடம். கூடுதல் நேர ஆட்டங்களின் புண்ணியம்.

இவருக்கு இல்லாமல் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருது வேறு யாருக்கு? பில் ரஸலுக்கு! பாஸ்டன் செல்டிக்ஸ்காரர், சராசரி 18.9 பாயின்ட். கணக்குக் கட்சிக்கு இன்றுவரை வயிறு எரிகிறது.

வேடிக்கை என்னவென்றால், அந்த விருதுக்கு அப்போது ஓட்டுப் போட்டவர்கள் ஆட்டக்காரர்கள். பத்திரிகைக்காரர்கள் ஓட்டுப்போட்டு அமைத்த அந்த ஆண்டின் முதல் அணியில் சென்டர் இடம் வில்டுக்குத்தான். ரஸல் இரண்டாம் அணியில். அதாவது, பென்சில் பிடித்தவர்கள் வில்ட் பக்கம். விலாவில் இடி வாங்கியவர்கள் ரஸல் பக்கம்.

இடி வாங்கியவர்கள் அப்படி எதைக் கண்டார்கள்? எதிராளி போடும் பந்தைத் தடுக்கும்போது ரஸல் அதைக் கூட்டத்துக்குள் அடித்துத் தள்ள மாட்டார். நாலு விரலால் தட்டி, தன் ஆள் கைக்கே அனுப்புவார். எதிராளி திரும்பிப் பார்ப்பதற்குள் அந்தப் பக்கம் கூடை விழுந்திருக்கும். ‘பிளாக்’ எனப்படும் இந்தத் தடுப்பை எழுத அப்போது என்.பி.ஏ. லீக் ஏட்டில் கட்டமே கிடையாது. கட்டம் போட்டது 1973-74 சீசனில். ரஸல் 1969இலேயே ஓய்வு பெற்றிருந்தார். வில்ட் கட்டம் வருவதற்கு முந்தைய சீசனோடு முடித்துக்கொண்டார். ஆகவே ஏட்டின்படி இந்த இரண்டு மலைகளும் வாழ்நாளில் ஒரு பிளாக்கூடச் செய்ததில்லை!

பெரிய ஆட்டங்களுக்கு முன் ரஸல் வாந்தி எடுப்பார். அந்தச் சத்தம் கேட்டால்தான் சக ஆட்டக்காரர்களுக்கு நிம்மதி, இன்று ஜெயம் நமக்கே என்று. வாந்திக்கும் கட்டம் கிடையாது.

ஏடும் ஆட்டமும் நேருக்கு நேர் மோதிய நாளும் உண்டு. 1960 நவம்பர் 24 அன்று ரஸலுக்கு எதிராகவே வில்ட் 55 ரீபவுண்ட் எடுத்தார். இன்றுவரை முறியாத சாதனை. அன்று ஜெயித்தது யார்? பாஸ்டன், 132க்கு 129.

சுயநலக்காரர், பந்தை யாருக்கும் தரமாட்டார் என்று ஊர் பேசியதும் வில்டுக்கு ரோஷம் வந்தது. தரமாட்டேனா? 1967-68இல் 702 அசிஸ்ட் (சக ஆட்டக்காரர் கூடை போடப் பந்து தருவது) கொடுத்து மொத்த எண்ணிக்கையில் லீக்கிலேயே முதலிடம் பிடித்தார். தாராள குணத்தையும் எண்ணிக் காட்டிய ஒரே வள்ளல். அந்த வருடமும் ரஸலின் பாஸ்டன், 3-1 என்று பின்தங்கியிருந்த தொடரைத் திருப்பி, வில்டின் அணியை வீட்டுக்கு அனுப்பியது.

13 சீசனில் 11 கோப்பை ரஸலுக்கு. ‘அது அணியின் கணக்கு, ஆளின் கணக்கல்ல’ என்கிறது கணக்குக் கட்சி. கட்டத்தில் அடங்காத பெருமைக்காரர் என்று ரஸலைக் கொண்டாடுகிறது கண் கட்சி. இரண்டு கட்சியும் அவரிடமே கேட்டிருக்கலாம். 1965இல் வில்டுக்கு ஒரு லட்சம் டாலர் சம்பளம் என்று செய்தி வந்ததும், ரஸல் தன் நிர்வாகத்திடம் போய் ஒப்பந்தம் போட்டுக்கொண்ட தொகை: 1,00,001 டாலர்.