மூவாயிரத்தில் ஒருவன்

மாப்ளே, முதல்லயே ஒண்ணு சொல்லிப்புடுதேன். தட்டு சேக்குதவன் கேக்கப்பிடாது, கேக்குதவன் சேக்கப்பிடாது. ரெண்டையும் ஒரே ஆள் செஞ்சா ரெண்டுமே உருப்படாது. நீ சேக்குத கட்சிக்குப் போயிட்டே. போனதுதான் போனே, அந்தக் கட்சிக்கு உண்டான மொறையோட இருக்கணும்லா? அதுக்குத்தான் இந்த மாமன் புத்தி சொல்லுதேன். கிழவனுக்கு என்ன தெரியும்னு நினையாதே. நம்ம சுத்துப்பட்டுல நான் குழாய் கட்டாத வேப்பமரம் எது, சொல்லு பாப்போம்? கல்யாணம், சடங்கு, கோயில் கொடை, எலெக்சன், எல்லாத்துக்கும் என் ஆகூஜா ஆம்ப்ளிபயர்தான் பேசிச்சு. ரெக்கார்டு தாவுச்சுன்னா ஊசிக்கை மேல பத்துப் பைசாவ ஒட்டி ஓட்டினவன் நான். நீ மூஞ்சியச் சுளிக்குதது இங்கன இருந்தே தெரியுது.

பொங்கலுக்கு வந்தப்ப நீ விடிய விடியச் சொன்னதை எல்லாம் தூங்குத மாதிரிக் கேட்டுக்கிட்டுத்தான் கிடந்தேன். பாட்டே இல்லாத தட்டு. கதாநாயகன் கதவத் தொறக்கையில ஒரு இழுப்பு, வில்லன் எட்டிப் பாக்கையில ஒரு உறுமல், குதிரை ஓடையில நாலு தட்டு. அதை மட்டும் தனியாப் பிரிச்சு, அமெரிக்காவுல ஒரு கம்பெனி தட்டாப் போட, நீ இங்கன டாலர்ல வாங்குதே. அங்கன மத்தியானம் விக்க ஆரம்பிச்சா இங்கன நடுச்சாமம். அலாரம் வச்சு முழிச்சிருக்கே. பரீட்சைக்கு உன்னை எழுப்ப உங்க அம்மா செம்புத் தண்ணிய எடுத்துக்கிட்டு வருவா, நினைப்பு இருக்கா?

‘மூவாயிரந்தான் போட்டாக மாமா, அதுல ஒண்ணு எங்கிட்ட’ன்னு நெஞ்ச நிமித்துனே. ஏன் மூவாயிரம்னு கேட்டேன். ‘அபூர்வமான பொருளுல்லா’ன்னே. கிழிச்சே. அது கூலிக் கணக்கு மாப்ளே. அங்கன வாத்தியக்காரவுகளுக்குப் பலமான சங்கம் இருக்கு. படத்துக்கு வாசிச்சதுக்குப் படத்துலயே கூலி வாங்கிடுதாக. அதே வாசிப்பைத் தட்டாப் போட்டு வித்தா, மறுபடியும் கூலி குடுக்கணும். எண்பது, தொண்ணூறு பேர் உக்காந்து வாசிச்ச கச்சேரிக்கு ரெண்டாந்தரம் கூலின்னா எந்தக் கம்பெனி தாங்கும்? அதனாலதான் எல்பி காலத்துல, படத்துல மணிக்கணக்கா இசை ஓடினாலும் தட்டுல அரைமணி நேரம் போட்டு முடிச்சாக. பின்னால சங்கம் இறங்கி வந்து, கொஞ்சமாப் போட்டா கொஞ்சமாக் குடுங்கன்னு ஒரு ஏற்பாடு வந்துச்சு. மூவாயிரங்கிற நம்பர் அப்படிப் பொறந்ததுதான். எல்லை தெரியணும்னு நட்டு வச்ச கல்லுக்கு நீ மஞ்சள் பூசி மாலை போட்டு விழுந்து கும்பிடுதே.

நான் அந்தச் சங்கத்தைக் குறை சொல்ல மாட்டேன். வாசிச்சவன் கூலி கேக்குதது நியாயம். நம்ம சொக்காரவுகளுக்கு அன்னைக்குக் கட்டின குழாய்க்கே இன்னும் பாக்கி நிக்குது. நமக்கும் ஒரு சங்கம் இருந்திருக்கணும். தட்டு போட்டவுகளையும் குறை சொல்ல மாட்டேன். லூகஸ் கெண்டால்னு ஒரு ஆள், 1990-ல பின்னணி இசைக்குன்னே ஒரு பத்திரிகை ஆரம்பிச்சு, பொறவு அதே பேருல, பிலிம் ஸ்கோர் மந்த்லின்னு, 250 தட்டு போட்டு 2013-ல கடைய மூடினார். பெட்டிக்குள்ள மக்கிப் போக இருந்த நாடாவைத் தேடி எடுத்துத் தட்டாக்கினாக. அது புண்ணியம். அந்தப் புண்ணியத்தைப் பிளாஸ்டிக் தாளோட அலமாரியில அடைச்சு வைக்குத உன்னைப் பத்தித்தான் பேச்சு.

சேக்குதவனுக்கு உண்டான கதை ஒண்ணு இருக்கு. செர்ரி 2000-ன்னு ஒரு படம். பாசில் பொலிடூரிஸ்ங்கிறவர் இசை. வரீஸ் சாராபாண்ட் கம்பெனி அதுக்கு 1500 தட்டுதான் போட்டுச்சு. படத்தை ஒருத்தரும் சீந்தலை, தட்டுக்கு மட்டும் அடிதடி. ஒரு தட்டு ஆயிரம் டாலரையும் தாண்டிப் போச்சுன்னு நீயே சொன்னே. வச்சிருந்தவன்லாம் ராசா மாதிரி திரிஞ்சான். பொறவு பெல்ஜியத்துல ப்ரொமீதியஸ்னு ஒரு கம்பெனி அதையே மறுபடி போட்டுச்சு. அதுக்கு அப்புறம் கலிபோர்னியாவுல இன்ட்ராடா கம்பெனியும் போட்டுச்சு. விலை தரைக்கு வந்துருச்சு. இசை அன்னைக்கு இருந்த அதே இசைதான், ஒரு சுரம் குறையலை. கேக்குதவன் அன்னைக்குச் சந்தோசப்பட்டிருப்பான், சேக்குதவன் வீட்டுல எழவு விழுந்திருக்கும்.

இதுல வேடிக்கை என்னன்னா, அந்தப் படத்துக் கதை உனக்கு ஞாபகம் இருக்கா? ஒருத்தன் பொம்மை மிசினு பொண்டாட்டி வச்சிருக்கான். தண்ணி பட்டு அது எரிஞ்சு போகுது. அந்த மாடல் இப்ப வர்றதில்லைன்னு சொல்லுதாக. அதேதான் வேணும்னு பாலைவனத்துல தேடிப் போறான். வழி காட்டக் கூடவே ஒரு நிசப் பொம்பளை வாரா, உசுரக் குடுத்துக் காப்பாத்துதா. இவன் கண்ணு பூரா நின்னுபோன மாடல் மேலதான். கடைசியில புத்தி வந்து நிசப் பொம்பளைகிட்டச் சேருதான். உன் வீட்டுக்காரி எனக்கு மக மொறை. அவகிட்ட இந்தக் கதைய இன்னும் நான் சொல்லலை. சொல்லாம இருக்கதுக்கு என்ன தருவேன்னு யோசிச்சு வையி.

இன்னொரு மொறையும் உண்டு: ஒரே இசைய ஒருதரம் வாங்கினா அவன் சேக்குதவனே கிடையாது. அதே பொலிடூரிஸ் இசை போட்ட கோனன் படத்தை எடுத்துக்க. 1982-ல எல்பியா வந்துச்சு. அது சின்னதுன்னு வரீஸ் சிடியில கூடுதலாப் போட்டாக. பத்தாதுன்னு 2010-ல பிராக் நகரத்து வாத்தியக்காரவுகளை உக்கார வச்சு மொத்தத்தையும் புதுசா வாசிச்சாக. அசல்தான் அசல்னு 2012-ல இன்ட்ராடா மூணு தட்டாப் போட்டுச்சு. உங்கிட்ட எத்தனை இருக்குன்னு கேட்டதுக்குக் கூரையப் பாத்தே. வாங்கு மாப்ளே, வாங்கு. ஒவ்வொரு தரமும் ‘இதுதான் முழுசு’ன்னு அட்டையில போடுவாக, அடுத்தது வரைக்கும் அது சத்தியம்.

பிரிக்காம வச்சா பத்திரமா இருக்கும்னு ஒரு நம்பிக்கை உனக்கு. அதுலயும் மண்ணு விழுந்திருக்கு. இங்கிலாந்துல பிளாக்பர்ன்ங்கிற ஊருல ஒரு பேக்டரி, 1988-ல இருந்து 1993 வாக்குல அடிச்ச சிடி பலது ஓரத்துல இருந்து பித்தளை நிறமா மாறிப்போச்சு. மேல பூசின பூச்சு சரியில்லை. அட்டைத் தாள்ல இருந்த கந்தகம் உள்ள இறங்கி வெள்ளியத் தின்னுருச்சு. தாள்தான் பகைன்னா பாத்துக்க. நீ அட்டைப் படத்தைப் பாத்து ரசிச்சுக்கிட்டு இருக்கே, அட்டை தட்டைத் தின்னுக்கிட்டு இருக்கு. எப்பவாச்சும் தொறந்து பாத்தவனுக்குத்தான் விசயம் தெரியும். ஆனா தொறக்கப்பிடாது. அதான் சட்டம்.

உண்மையிலேயே அபூர்வம் எதுன்னு கேட்டா, தி கேய்ன் மியூட்டினின்னு 1954-ல வந்த கப்பல் படத்துத் தட்டைச் சொல்லணும். மேக்ஸ் ஸ்டைனர் இசை, ஆர்சிஏ கம்பெனி எல்பி. ஒரு பக்கம் இசை. மறுபக்கம் படத்துல வர்ற கோர்ட்டு சீன் வசனத்தை அப்படியே போட்டுட்டாக. கதை எழுதின ஹெர்மன் வோக்குக்குக் கோவம் வந்துருச்சு. அவர் அந்தக் கோர்ட்டு சீனை மட்டும் எடுத்துத் தனி நாடகமாப் போட்டிருக்கார். அதைத் தட்டுல வித்தா நாடகத்துக்கு எவன் வருவான்? இந்தத் தட்டு வெளிய வந்தா இனிமே என் கதை ஒண்ணு உங்களுக்குக் கிடையாதுன்னு படக்கம்பெனிகிட்டச் சொல்லிட்டார். அடிச்ச தட்டை எல்லாம் ஒழிச்சுட்டாக. ஏதோ கொஞ்சம் தப்பிச்சது. அதுக்குத்தான் இன்னைக்கு உலகம் பூரா உன்னை மாதிரி ஆளுக நாக்கைத் தொங்கப் போட்டுக்கிட்டு அலையுதாக.

கோர்ட்டு சீன் தட்டுன்னதும் எனக்குச் சிரிப்பாணி அள்ளிட்டு வந்துச்சு. 1984-ல ‘விதி’ வந்துச்சே, சுசாதா வக்கீலா நின்னு வாதாடுமே, அந்தக் கோர்ட்டு சீன் கேசட்டு ஓடாத டீக்கடை எது? நான் போடாத கல்யாணம் எது? தாலி கட்டுத வீட்டுல, ஏமாத்தப்பட்ட பொண்ணு கூண்டுல நின்னு அழுத கேசட்டைப் போட்டிருக்கேன். மாப்பிள்ளை வீட்டுக்காரவுக உள்பட உக்காந்து கேட்டாக. அங்கன கோர்ட்டு சீனால தட்டு ஒழிஞ்சுச்சு, இங்கன கோர்ட்டு சீன்தான் வித்துச்சு. கட்டபொம்மன், திருவிளையாடல் கதை வசனமெல்லாம் ரெக்கார்டு தேய்ஞ்சு ஊசி கீழ இறங்குத வரைக்கும் ஓட்டினவுக நாம. இன்னொண்ணு கவனிச்சியா? நம்ம பக்கம் படத்துத் தட்டுன்னா பாட்டுதான், பின்னணி இசைய ஒரு மனுசனும் தனியாப் போடலை. இப்பத்தான் சில படத்துக்குப் போடுதாக. அந்தக் காலத்துல இளையராசா வயலினை எப்படி இழைச்சிருக்கார்னு படம் போன பொறவும் கேக்கணும்னா, கதை வசனக் கேசட்டுல ஆள் பேசி முடிச்சு அடுத்த ஆள் வாயத் தொறக்குததுக்குள்ள கேட்டாத்தான் உண்டு. அந்த இடுக்குல கேட்டுப் பழகின காது இது.

அது கிடக்கட்டும். எங்கிட்ட இருந்த எக்கோ கம்பெனி எல்பிகளை, ‘பழசுதானே மாமா, வீட்டுல தூசியாக் கிடக்கே’ன்னு ரெண்டு சாக்குல கட்டித் தூக்கிட்டுப் போனியே, அது இப்ப என்ன விலைக்குப் போகுதுன்னு எனக்குத் தெரியாதுன்னா நினைச்சே? அக்கா பேத்தி செல்போன்ல பாத்துச் சொல்லிட்டா. நான் ஏதாவது கேட்டனா? வாயத் தொறக்கலையே. பெரிய மனுசன் அப்படித்தான் இருக்கணும்.

போன வாரம் தபால்காரர் ஒரு பார்சல் கொண்டாந்தார். வீட்டுக்காரி கண்ணுல படாம இருக்கட்டும்னு என் விலாசத்தைக் குடுத்திருக்கே, கெட்டிக்காரன். சுங்க வரியக் கட்டினாத்தான் தருவேன்னார். கட்டினேன். வரி கட்டினவன், உள்ள சாமான் இருக்கா செங்கல் இருக்கான்னு பாக்க வேண்டாமா? பிரிச்சேன். ஆமா மாப்ளே, அந்தப் பிளாஸ்டிக் தாளையும் சேத்துத்தான்.

அலெக்ஸ் நார்த் தட்டு. நீ பொங்கல்ல சொல்லி முடிக்காம விட்ட கதை. 2001-ன்னு குப்ரிக் எடுத்த வானத்துப் படத்துக்கு அந்த மனுசன் இசை எழுதி எழுதி, உடம்பு இறுகிப்போய் ஆம்புலன்சுல படுத்துக்கிட்டு ஒலிப்பதிவுக்கு வந்திருக்கார். இன்னொருத்தர் நின்னு வாத்தியக்காரவுகளை நடத்தியிருக்கார். 1968-ல நியூயார்க்குல படம் போட்டப்பப் போய் உக்காந்தா, அவர் போட்ட இசை ஒரு துளி இல்லை. குப்ரிக் பழைய ஸ்ட்ராஸ் தட்டையும் லிகெட்டி தட்டையும் வச்சே படத்தை முடிச்சுட்டார். நார்த் செத்த பொறவு 1993-ல, அவருக்கு வேண்டிய ஜெர்ரி கோல்ட்ஸ்மித் அதைப் புதுசா வாசிக்க வச்சுத் தட்டாப் போட்டார். அசல் வாசிப்பை 2007-ல இன்ட்ராடா போட்டுச்சு. எத்தனை? மூவாயிரம். படத்துல இல்லாத இசைக்குப் படத்துத் தட்டு. உனக்கு இதைவிடப் பொருத்தமான சாமான் உலகத்துல இல்லை.

போட்டுக் கேட்டேன். ஸ்டீரியோ கிடையாது, ஒத்தைச் சத்தந்தான்னு நீ அன்னைக்கு வருத்தப்பட்டே. எனக்குக் குழாயே ஒத்தைதானே, கச்சிதமா இருந்துச்சு. டிவிடி பிளேயர்ல இருந்து ஆகூஜாவுக்குக் கொக்கி போட்டு, வேப்பமரத்துக் குழாய்ல விட்டேன். பித்தளை வாத்தியமெல்லாம் சேந்து ஒரு எழும்பு எழும்புச்சு பாரு, பஸ்ஸுக்கு நின்ன சனம் அப்படியே திரும்பிச்சு. டீக்கடைக்காரன் ஓடி வந்து, ‘அண்ணாச்சி, இது எந்தப் படம்?’ன்னான். இது எந்தப் படத்துலயும் வராதுடேன்னேன். ஒரு மாதிரிப் பாத்துட்டுப் போனான். சாயந்தரம் திரும்ப வந்து மறுபடி போடச் சொன்னான்.

தட்டுல ஒரு கீறல் கிடையாது, பயப்படாதே. சிடிக்குப் பத்துப் பைசா ஒட்ட வேண்டியதில்லைன்னு எனக்குத் தெரியும். பிளாஸ்டிக் தாளைத்தான் அக்கா பேத்தி ஏதோ வேலைக்கு எடுத்துக்கிட்டா. வரிப் பணம் எனக்கு வேண்டாம், எல்பிக் கணக்குலயும் சேக்க வேண்டாம். லா-லா லேண்ட் கம்பெனி ஸ்டார் ட்ரெக்குக்குப் பதினஞ்சு தட்டு வச்சு ஒரு பெட்டி போட்டிருக்குன்னியே, 2012-ல, ஆறாயிரம் பெட்டி. அது எங்கயாவது மாட்டிச்சுன்னா இதே விலாசத்துக்கு வரச் சொல்லு. வரி நானே கட்டிக்கிடுதேன். சித்திரைக் கொடை மூணு நாள், மைக் செட்டு நம்மளதுதான், சனத்துக்குப் போட்ட பாட்டையே போட்டுச் சலிச்சுப்போச்சு.