சாத்தானின் குமாஸ்தா

கோயிலுக்குள் வைத்துக் கொலை செய்ய மாட்டேன் என்று மறுத்தவன் ஒரு கூலிப்படைத் தலைவன். கொடுங்கள், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று கத்தியை வாங்கிக்கொண்டவர்கள் இரண்டு பாதிரிமார். இடம், புளோரன்ஸ் நகரப் பேராலயம். நாள், 1478 ஏப்ரல் 26, ஞாயிற்றுக்கிழமைப் பூசை. ஊரைக் கையில் வைத்திருந்த மெடிச்சி குடும்பத்தின் லொரென்சோ, ஜூலியானோ என்ற அண்ணன் தம்பிகளை ஒரே நேரத்தில் தீர்த்துக்கட்டுவது பாட்சி குடும்பம் போட்ட திட்டம். விருந்தில் வைத்து லொரென்சோவைக் கொல்ல மான்டெசெக்கோ என்ற அந்தப் படைத்தலைவனுக்குச் சம்மதம்தான். இடம் பேராலயம் என்று மாறியதும் பின்வாங்கிவிட்டான். துரோகம் ஒன்று போதும், தெய்வக் குற்றம் வேறு வேண்டாம் என்றானாம்.

பலிபீடத்தை நாள்தோறும் தொட்டுப் பழகிய கைகளுக்கு அந்தக் கூச்சமெல்லாம் இல்லை. ஆனால் கூச்சம் விட்டால் போதுமா, தொழில் தெரிய வேண்டாமா? மற்றவர்கள் பொறுப்பில் இருந்த ஜூலியானோ 19 குத்து வாங்கிச் செத்தான். பாதிரிமார் பொறுப்பில் இருந்த லொரென்சோ கழுத்தில் ஒரு காயத்தோடு தப்பி ஓடிக் கதவைச் சாத்திக்கொண்டான்.

ரோமில் இருந்த போப் நான்காம் சிக்ஸ்டஸுக்கு இந்த ஏற்பாடு தெரியுமா? ஆட்சி மாறட்டும், யார் உயிரும் போகக் கூடாது என்று திருவாய் மலர்ந்தருளினார் என்கிறது, பிடிபட்ட மான்டெசெக்கோவின் வாக்குமூலம். உயிர் போகாமல் நடக்கிற காரியம் அல்ல இது என்று எடுத்துச் சொன்ன பிறகும் அதையே திருப்பிச் சொன்னாராம். காரியத்தை நிறுத்துங்கள் என்று மட்டும் சொல்லவில்லை. ஊர் மக்கள் கொதித்தெழுந்து, சதியில் சேர்ந்திருந்த பீசா நகரப் பேராயரை அரண்மனை ஜன்னலில் தூக்கில் தொங்கவிட்ட பிறகுதான் திருத்தந்தைக்குக் கோபம் வந்தது. பூசை நேரத்தில் விழுந்த பிணத்துக்காக வந்த கோபம் அல்ல. ஒரு பேராயர் மேல் கை வைத்துவிட்டார்களே என்ற கோபம். லொரென்சோவைத் திருச்சபையிலிருந்து விலக்கினார், ஊருக்கே திருச்சபைச் சடங்குகளை நிறுத்தினார், நேப்பிள்ஸ் அரசனைச் சேர்த்துக்கொண்டு போரும் தொடுத்தார். இந்த மகான் கட்டிய, அவர் பெயரையே தாங்கிய சிஸ்டைன் ஆலயத்துக்குத்தான் உலகமே டிக்கெட் வாங்கிக்கொண்டு போய், கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்துவிட்டு வருகிறது.

அந்த ஞாயிற்றுக்கிழமை அதே புளோரன்ஸில், ஒன்பது வயது முடிய ஒரு வாரமே இருந்த ஒரு பையன் இருந்தான். பெயர் நிக்கோலோ மாக்கியவெல்லி. பிற்காலத்தில் ஐரோப்பா முழுவதும் அரசியல் சாத்தான் என்று காறித் துப்பியது இவனைத்தான். யாரையும் குத்தவில்லை, யார் கழுத்தையும் நெரிக்கவில்லை. நடந்ததை எழுதினான். பாவம் என்றால் இதுவல்லவா பாவம்!

1498இல், மெடிச்சிகளைத் துரத்திவிட்டு அமைந்த குடியரசின் அலுவலகத்தில் மாக்கியவெல்லிக்கு உத்தியோகம் கிடைத்தது. கடிதம் எழுதுவது, தூது போவது, கொடுக்கிற படி கட்டுப்படியாகவில்லை என்று மேலிடத்துக்குப் புலம்புவது. இந்தக் குமாஸ்தா வாழ்க்கையில் அவரை சிசரே போர்ஜியாவிடம் அனுப்பினார்கள். போப் ஆறாம் அலெக்சாண்டரின் பிள்ளை. போப்பாண்டவருக்குப் பிள்ளையா என்று புருவம் உயர்த்துபவர்கள் மறுமலர்ச்சிக் கால ரோமாபுரிக்குப் புதியவர்கள். பிள்ளையைப் பதினெட்டு வயது வாக்கில் கர்தினாலாக்கி, அந்த அங்கி பிடிக்காமல் போனதும் அவிழ்க்க அனுமதித்து, கையில் படையையும் கொடுத்த பாசமுள்ள தகப்பன் அவர்.

ரொமாஞ்ஞா பகுதியை அடக்கி வைக்க ரமிரோ என்ற கொடூரனை சிசரே நியமித்திருந்தான். அவன் அடக்கினான், அடக்கிய விதத்தில் ஊரே வெறுத்தது. வேலை முடிந்தது, வெறுப்பு மிச்சம். 1502, கிறிஸ்துமஸுக்கு மறுநாள் காலை செசெனா நகரச் சதுக்கத்துக்கு வந்தவர்கள், ரமிரோ இரண்டு துண்டாகக் கிடப்பதைப் பார்த்தார்கள். பக்கத்தில் ஒரு மரக்கட்டை, ரத்தம் தோய்ந்த ஒரு கத்தி. உங்களைக் கொடுமைப்படுத்தியது அவன்தான், நான் அல்ல என்று அர்த்தம். ஜனங்களுக்குத் திருப்தி, அடுத்தது யாரோ என்ற திகிலும் கூடவே. ஐந்தே நாளில் சிசரே, தனக்கு எதிராகக் கிளம்பிய படைத்தலைவர்களைச் சமாதானம் பேச செனிகாலியாவுக்கு வரவழைத்துப் பிடித்தான். அவர்களில் இரண்டு பேரை அன்று இரவே கழுத்தை நெரித்துக் கொன்றார்கள். இவ்வளவும் நடக்கையில் சிசரேயின் பின்னாலேயே போய்க்கொண்டிருந்தது குமாஸ்தாவின் பேனா.

1512இல் அந்தப் பேனாவும் உடைந்தது. ஸ்பானியப் படையோடு கர்தினால் ஜொவான்னி மெடிச்சி வந்தார், குடும்பம் இழந்த புளோரன்ஸை மீட்க. வழியில் இருந்தது பிராட்டோ. அங்கே காவல் நின்றது, கூலிப்படையை நம்பாதே என்று சொல்லிச் சொல்லி மாக்கியவெல்லி தானே கிராமங்களில் திரட்டிய படை. மதிலில் ஓட்டை விழுந்த அன்றே அது ஓடிவிட்டது. ஏ.சி. அறையில் கோட்டு போட்டவர்களுக்கு மாக்கியவெல்லியை வைத்து லீடர்ஷிப் பாடம் எடுப்பவர்கள் இந்த அத்தியாயத்தை மட்டும் ஏனோ தாண்டிப் போகிறார்கள். பிராட்டோ ஜனங்களால் தாண்டிப் போக முடியவில்லை. படை நாள் கணக்கில் ஊரைச் சூறையாடியது, ஆயிரக்கணக்கில் வெட்டியது. சிலுவை தரித்த கர்தினால் அந்தப் படையோடுதான் இருந்தார். பயந்துபோன புளோரன்ஸ் கதவைத் திறந்துவிட்டது. ஏழு மாதத்தில் அவரே போப் பத்தாம் லியோ.

அதற்குள் குமாஸ்தாவின் வேலை போய், சதி செய்தார் என்ற சந்தேகத்தில் சிறையும் கிடைத்தது. கைகளைப் பின்னால் கட்டி, கயிற்றில் மேலே இழுத்து, சட்டென்று விடுவார்கள், தோள்மூட்டு கழன்றுவிடும். அவரை ஆறு முறை இழுத்து விட்டார்கள். பிராட்டோவுக்குப் படையோடு வந்த புண்ணியவான் போப் ஆன கொண்டாட்டத்தில் சிறைக்கதவு திறந்தது. வெளியே வந்தவர் என்ன செய்தார்? அந்தக் குடும்பத்துக்கே ‘இளவரசன்’ என்ற புத்தகத்தைச் சமர்ப்பணம் செய்தார், வேலை கேட்டு. என் கோபத்தில் அவருக்கும் ஒரு பங்கு இதற்காகத்தான். செசெனா பிணத்தைக் காட்டி, எவ்வளவு கச்சிதமான காரியம் என்று மெச்சத் தெரிந்தவருக்கு, அந்தக் கச்சிதத்துக்கு விலை கொடுப்பது யார் என்று அந்தப் புத்தகத்தில் கேட்கத் தோன்றவில்லை.

ஆனால் அவரைத் திட்டியவர்கள் தூக்கிப் பிடித்த ஒழுக்கத்தின் கதை என்ன? 1516இல் இராஸ்மஸ் பெருமகனார் கிறிஸ்தவ இளவரசனுக்கான ஒழுக்க நூல் ஒன்றை எழுதினார். அரசன் குடிகளின் தகப்பன், போர் பெருங்கேடு, அதைத் தவிர்த்து வாழ்வதே அரசனுக்கு அழகு என்ற ரகம். அதைக் காணிக்கையாகப் பெற்றவர் பதினாறு வயது சார்லஸ். வளர்ந்து பேரரசர் ஐந்தாம் சார்லஸ் ஆனார், வாழ்நாளெல்லாம் போர் செய்தார். 1527 மே 6 அன்று அவருடைய படை, சம்பளம் வராத ஆத்திரத்தில் ரோமுக்குள் புகுந்து பாதிரி, கன்னியர், நோயாளி என்று பார்க்காமல் வெட்டிச் சூறையாடியது. தகவல் வந்ததும் பேரரசர் கைவிரித்தார்: நான் உத்தரவிடவில்லை. சம்பளம் கொடுக்காததும் அவர் இல்லை போலிருக்கிறது. சிக்ஸ்டஸும் இதைத்தானே சொன்னார்? நல்லொழுக்க நூல் படித்த பிள்ளைகள் எல்லாம் ஒரே பாடத்தைத்தான் ஒப்பிக்கிறார்கள்.

அப்போது கோட்டைக்குள் ஓடி ஒளிந்த போப் ஏழாம் கிளெமென்ட் வேறு யாருமல்ல, பேராலயத்தில் 19 குத்து வாங்கிய ஜூலியானோவின் மகன். தகப்பன் செத்து ஒரு மாதம் கழித்துப் பிறந்தவர். இதற்கிடையே புளோரன்ஸ் மறுபடி மெடிச்சிகளைத் துரத்தியிருந்தது. கிளெமென்ட் என்ன செய்தார்? தன் ரோமைக் கொளுத்திய அதே சார்லஸோடு ஒப்பந்தம் போட்டு, அதே படையைக் கொண்டு சொந்த ஊரை முற்றுகையிட வைத்தார். அந்த முற்றுகை நடந்துகொண்டிருக்கையிலேயே, 1530 பிப்ரவரியில், சார்லஸ் தலையில் தன் கையால் பேரரச முடியும் சூட்டினார். பட்டினியும் கொள்ளைநோயும் சேர்ந்து ஆகஸ்டில் ஊரை மண்டியிட வைத்தன. மாக்கியவெல்லி இதைப் பார்க்க இல்லை. 1527இல் குடியரசு திரும்பி வந்தபோது பழைய வேலையைக் கேட்டார்; மெடிச்சிகளிடம் கைநீட்டியவன் என்று மறுத்துவிட்டார்கள். அந்த ஜூன் மாதமே செத்துப்போனார்.

1532இல் ‘இளவரசன்’ அச்சானது, ரோமிலேயே, கிளெமென்ட் கொடுத்த அனுமதியோடு. இது சாத்தானின் விரலால் எழுதியது என்றார் ரெஜினால்ட் போல் என்ற கர்தினால். 1559இல் திருச்சபை தடைசெய்த நூல்களின் பட்டியலில் மாக்கியவெல்லி எழுதியது அத்தனையும் ஏறியது. அலெக்சாண்டரையும் சிக்ஸ்டஸையும் எந்தப் பட்டியலில் சேர்த்தார்கள்? போப்பாண்டவர்கள் பட்டியலில்; இன்றும் இருக்கிறார்கள். கொல்லலாம், சத்தியத்தை முறிக்கலாம், ஊரைப் பட்டினி போடலாம். ஒழுக்கத்தைப் பற்றிப் பேசிக்கொண்டே செய்தால் பிழையில்லை. வாய் திறந்து இப்படித்தான் செய்கிறார்கள் என்று சொன்னவன் தொலைந்தான்.

இருநூறு வருஷம் போனாலும் இந்த வியாபாரம் படுக்கவில்லை. பிரஷியா நாட்டு இளவரசர் பிரெடெரிக், மாக்கியவெல்லியை அத்தியாயம் அத்தியாயமாகக் கிழித்து மறுப்பு நூல் எழுதினார். அதைச் செப்பனிட்டு அச்சுக்குக் கொடுத்தவர் சாட்சாத் வோல்டேர். நூல் வெளிவருவதற்குள் தகப்பனார் காலமாகி, பிரெடெரிக் அரசராகிவிட்டார். உடனே புத்தகத்தை நிறுத்தப் பார்த்தார். ஹேக் நகரத்து அச்சகக்காரர் விடவில்லை. 1740இல் அது கடைக்கு வந்தது. அதே வருஷம் டிசம்பரில் பிரெடெரிக் படையோடு பக்கத்துச் சைலீசியாவுக்குள் நுழைந்தார். சரித்திரம் அவருக்கு மகா என்ற பட்டத்தைக் கொடுத்தது.